பனிவண்டியின் வலிமையும் அதன் பெட்ரோலும்

உறைபனி பெய்தறியாத நாட்டிலே வாழும் நமக்குப் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயினும், பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வண்டியைப்போல நல்லாசிரியனாக அமைந்த இயந்திரம் வேறொன்று காண்டல் அரிது என்பது எம் துணிபு. நம்மூர்ச் சாலையில் வண்டி பழுதுற்றால் மரநிழலில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைத்துவர ஆள் அனுப்பலாம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில், ஊருக்கு நாற்பது மைல் அப்பால், அந்தி சாயும் வேளையில் எஞ்சின் நின்றுவிடின் அது வேறு கதை. ஆங்கே பெட்ரோலின் தரம் என்பது உயிரைப் பற்றிய செய்தி.

பனிவண்டி என்று யாம் ஈண்டுக் குறிப்பது, முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்புறம் சுழன்று பனியைத் தள்ளும் அகன்ற ரப்பர்ப் பட்டையும் உடையதாய், மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல ஒருவர் அமர்ந்து ஓட்டும் சிறு ஊர்தியாம். அமெரிக்க ஐக்கிய நாட்டு விஸ்கான்ஸின் மாகாணத்தில் சேய்னர் என்னும் சிற்றூரினரான கார்ல் எலியாஸன் 1924-ஆம் ஆண்டிலேயே இதனை ஒத்த மோட்டார்ச் சறுக்குவண்டி ஒன்றைச் செய்தார். ஆனால் இத்துறையில் நிலைத்த பெயர் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்து ஜோஸப் ஆர்மான் பொம்பார்டியே (1907–1964) என்பவருடையது. அவர் பதினைந்து வயதுச் சிறுவராயிருந்தபோதே, 1922-இல், பழைய போர்டு மோட்டாரின் எஞ்சினைச் சறுக்குக் கட்டைகளின்மேல் ஏற்றி, பின்னால் ஒரு பெரிய விசிறியைச் சுழலவிட்டு ஓட்டிக் காட்டினார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இளங்குழந்தைக்குக் குடல்வால் நோய் கண்டது. பாதைகளெல்லாம் பனி மூடிக் கிடந்தன. பட்டறையில் இருந்த பனிவண்டியோ ஓடும் நிலையில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமற் குழந்தை இறந்தது. அத்தந்தை மூன்று ஆண்டுகளில், 1937-இல், பல்சக்கரத்தால் இழுக்கப்படும் பட்டைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1959-இல் 'ஸ்கீ-டூ' என்னும் சிறு வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். இன்று மக்கள் விளையாட்டுக்காக ஓட்டும் இவ்வண்டியின் பிறப்பு, ஓடாமல் நின்ற ஒரு வண்டியிலே தொடங்கியதை யாம் மறத்தற்கில்லை.

நிற்க. இவ்வண்டிகளுட் பலவற்றை இயக்குவது 'டூ-ஸ்ட்ரோக்' என வழங்கும் இரு வீச்சு எஞ்சின். நம் நாட்டிலும் ஒரு தலைமுறைக்கு முன் ஸ்கூட்டர் வைத்திருந்தோர் பெட்ரோலோடு எண்ணெயை அளந்து ஊற்றியதை மறந்திரார். இதுவும் அதே இனத்ததுதான். பிஸ்டன் மேலெழும்போது தனக்கு மேலுள்ள கலவையை அழுத்துகிறது; அதே வேளையில் கீழே கிராங்க் அறைக்குள் புதுக் காற்றை இழுக்கிறது. அது இறங்கும்போது சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்கள் திறக்கின்றன. எரிந்த புகை ஒரு வழியே வெளியேற, புதுக் கலவை மற்றொரு வழியே உட்புகுகிறது. தலைப்பில் வால்வுகள் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. ஆதலின் எடை குறைவு, சக்தி மிகுதி. இடுப்பளவு ஆழமான மென்பனியின்மேல் வண்டியை மிதக்கச் செய்ய விரும்புவோர் இவ்வெஞ்சினை விடாது பற்றியிருப்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வெளிமைக்கு ஒரு விலை உண்டு. நிமிஷத்துக்கு 8,000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 133 முறை தீப்பற்றுகிறது. அத்தீயின் உஷ்ணம் 2,000 பாகை சென்டிகிரேடுக்கு மேற்படும். பிஸ்டனுக்குரிய அலுமினியமோ 660 பாகையில் உருகுவது. ஆயினும் பிஸ்டன் உருகாதிருப்பது எங்ஙனம்? மூன்று காவல்கள் அதற்கு உண்டு. பிஸ்டனின் முகத்தை ஒட்டி அசையாது நிற்கும் மெல்லிய வாயுப் படலம் தீயின் நேர்த்தாக்குதலைத் தடுக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் உஷ்ணத்தைச் சிலிண்டர்ச் சுவருக்குக் கடத்துகின்றன. இவற்றோடு, உட்புகும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பெட்ரோல் எரிபொருள் மட்டுமன்று. குளிர்விக்கும் பொருளும் அதுவே. கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்தால் சக்தி குறையும் என்றே நாம் எண்ணுவோம். உண்மையில் முதலில் நிகழ்வது உஷ்ணம் ஏறுவதே.

இவ்விடத்து ஒரு விந்தையைக் கவனிக்க. குளிர் மிக மிக எஞ்சினுக்கு நலம் என்பது பொதுவான எண்ணம். காற்றின் எடை ஒரு கன மீட்டருக்குப் பூஜ்ய பாகையில் 1.29 கிலோகிராம், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது பாகையில் 1.51 கிலோகிராம். நூற்றுக்குப் பதினேழு பங்கு கூடுதல். பழைய கார்ப்புரேட்டரிலுள்ள 'ஜெட்' என்னும் துவாரமோ காற்றின் எடையை அறியாது. காற்றடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கலவை மெலியும் என்ற கணக்கின்படி, நேற்றுச் சரியாக இருந்த கலவை இன்று நூற்றுக்கு எட்டுப் பங்கு பெட்ரோல் குறைந்ததாகிவிடும். வெளியே மூச்சு உறையும் குளிர். உள்ளே பிஸ்டனில் துளை விழும் சூடு! வண்டியோடு வரும் கைந்நூலில் ஊரின் உயரத்துக்கும் அன்றைய குளிருக்கும் ஏற்ற ஜெட் அட்டவணை அச்சிடப்பட்டது இதன்பொருட்டே. இக்காலத்து மின் ஊசிமுறை எஞ்சின்கள் காற்றின் உஷ்ணத்தை அளந்து பெட்ரோலைத் தாமே கூட்டிக்கொள்கின்றன என்பது மெய். ஆனால் தமக்குக் கற்பிக்கப்பட்ட எல்லைக்குள்தான் அவை அதனைச் செய்யும்.

நீரால் குளிர்விக்கப்படும் வண்டிகளிலும் இத்தகைய விந்தை ஒன்றுண்டு. அந்நீரின் சூட்டை வாங்கிக்கொள்வது, பட்டை வாரியெறியும் பனி. ஏரியின்மேல் பளிங்குபோல் இறுகிய பனிக்கட்டியில் ஓடும்போது வாரியெறியத் தூள் இல்லை. எனவே குளிர்காலத்தின் நடுவிலே எஞ்சின் கொதிக்கிறது. ஆகையால் கட்டியைக் கீறித் தூளாக்கும் கம்பிகளைச் சறுக்குக் கட்டையின் அருகில் பொருத்திக்கொள்வர். காப்டன் ஸ்காட் 1911-இல் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுசென்ற மோட்டார் வண்டிகளும், காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் அளவுகடந்து சூடேறியதாலும் உறுப்புகள் முறிந்ததாலும் சில நாட்களிலேயே கைவிடப்பட்டன. அவற்றோடு சென்றோர் பின்னர்ச் சுமையைத் தாமே இழுத்து நடந்தனர்.

இனி, 'கிட்' என வழங்கும் வலிமை கூட்டும் உறுப்புத் தொகுதிகளைக் காண்போம். வண்டி வாங்கியவருக்கு ஓரிரு குளிர்காலங்களில் அதன் சக்தி போதாதெனத் தோன்றுகிறது, மனித இயல்பு. அவருக்காக வியாபாரிகள் பெட்டியில் அடைத்து விற்பவை பல. சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்று. தலைப்பைச் சீவி அழுத்தத்தை மிகுவிப்பது ஒன்று. புகைக்குழாயை மாற்றுவது ஒன்று. புகையின் விசையாலேயே சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டர்போ மற்றொன்று.

விட்டத்தைக் கூட்டுவதன் கணக்கைப் பார்ப்போம். ரோட்டாக்ஸ் என்னும் ஆஸ்திரியா நாட்டுத் தொழிற்சாலையின் 600 வகை எஞ்சினுக்கு இரு சிலிண்டர்கள். விட்டம் 72 மில்லிமீட்டர், வீச்சு 73 மில்லிமீட்டர். கொள்ளளவு 594 கன சென்டிமீட்டர். இத்தகைய எஞ்சினின் விட்டத்தை நான்கே மில்லிமீட்டர் கூட்டி 76 ஆக்கினால் கொள்ளளவு 662 ஆகிறது. விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்தலின் நூற்றுக்குப் பதினொரு பங்கு இலாபம்! காகிதத்தில் இது மிக அழகிய கணக்கு. ஆனால் அந்த நான்கு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என வினவுதல் வேண்டும். பழைய வார்ப்பையே குடைந்திருந்தால் சுவர் மெலிந்தது. பிஸ்டன் கனத்தது, அதனை வினாடிக்கு 266 முறை நிறுத்தித் திருப்பும் கிராங்கும் பேரிங்கும் பழையனவே. சூடு பதினொரு பங்கு மிகுந்தது. அதனைப் பனிக்குக் கொடுக்கும் குழாய்கள் பழைய அளவினவே. கிட்டுகளில் பெரும்பாலும் வருவது அடித்துச் செய்த பிஸ்டன். அது வார்ப்புப் பிஸ்டனைவிட வலியது. ஆயின் சூட்டில் அதிகம் விரியும். வார்ப்புப் பிஸ்டனுக்குப் பழகியவர் காலையில் எஞ்சினைச் சூடேறவிடாமல் விரைந்து கிளம்பினால், பிஸ்டன் விரிந்தும் குளிர்ந்த சிலிண்டர் விரியாமலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எனினும் யாம் வற்புறுத்த விரும்புவது உறுப்புகளைப் பற்றியன்று. தொழிற்சாலையார் ஓர் எஞ்சினை அமைக்கும்போது, அறியாத ஊரில் அறியாத பங்கில் ஊற்றப்படும் மட்டமான பெட்ரோலையும் மனத்திற் கொண்டு, தாங்கும் திறனில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கின்றனர். கிட் என்பது அச்சேமிப்பை எடுத்துச் சக்தியாகச் செலவிடும் கருவி. செலவிட்டபின் எஞ்சின், தான் சந்திக்கப்போகும் மிக மட்டமான பெட்ரோல் எவ்வளவு நல்லதோ அவ்வளவே நம்பத்தக்கது.

பெட்ரோலின் தரம் என்றால் என்ன? முதலாவது, ஆக்டேன் எண். தீப்பொறி பற்றியதும் தீ ஒழுங்காக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பரவுதல் வேண்டும். அழுத்தமும் உஷ்ணமும் எல்லை கடந்தால், தீ வந்து சேருமுன் மூலையிலுள்ள கலவை தானே ஒருங்கு வெடிக்கிறது. இதுவே 'நாக்கிங்' என்னும் தட்டல். அவ்வதிர்ச்சி, முன் சொன்ன மெல்லிய வாயுப் படலத்தைத் துடைத்தெறிந்துவிடும். காவல் நீங்கிய பிஸ்டனின் முகம் அரிக்கப்பட்டு, ஈற்றில் துளைபடும். காரில் தட்டும் ஓசை காதில் விழும். பனிவண்டியின் பேரிரைச்சலில் ஓட்டுநர்க்கு ஒன்றும் கேளாது. தட்டலை உணர்ந்து பொறியின் காலத்தைத் தாமதப்படுத்தும் கருவி பிற்கால வண்டிகளில் உண்டு. அதுவும் அளவோடே காக்கும்.

தட்டலை எதிர்க்கும் ஆற்றலை அளக்க, ஐஸோ-ஆக்டேன் என்னும் திரவத்துக்கு நூறு எனவும், ஹெப்டேன் என்னும் திரவத்துக்குப் பூஜ்யம் எனவும் எண் வகுத்தனர். அளக்கும் முறை இரண்டு. ஐரோப்பாவில் பங்கின்மேல் எழுதுவது ஒரு முறையின் எண். வட அமெரிக்காவில் எழுதுவது இரு முறைகளின் சராசரி. ஆகையால் ஐரோப்பாவின் 95 அமெரிக்காவின் 91-க்கு ஏறக்குறைய ஒப்பாகும். அமெரிக்கக் கிட்டின் பெட்டியில் '91 வேண்டும்' என்பதைக் கண்டு, தம்மூரில் 91-ஐயே தேடும் பின்லாந்துக்காரர் மட்டமான பெட்ரோலைத் தேடுபவராகிறார். எண்ணைக் காணும்போது அது எம்முறை எண் என்று கேளாதது எத்தனை எஞ்சின்களுக்குக் கேடாயிற்றோ!

முற்காலத்தில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து ஆக்டேன் எண்ணை உயர்த்தினர். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்ட அவ்வழி நரம்புகளைக் கெடுக்கும் நஞ்சாதலின் நாடுதோறும் விலக்கப்பட்டு, 2021-இல் அல்ஜீரியாவோடு மோட்டார்ப் பெட்ரோலிலிருந்து ஒழிந்தது. சிறு விமானங்களின் பெட்ரோலில் மட்டும் அஃது எஞ்சி நிற்கிறது. டர்போ பொருத்திய பனிவண்டிக்காரர் சிலர் அவ்விமானப் பெட்ரோலை வாங்கிக் கலக்கின்றனர். தட்டல் அடங்குவது உண்மையே. ஆனால் குளிர்காலத்து மோட்டார்ப் பெட்ரோல் எளிதில் ஆவியாகுமாறு காய்ச்சி வடிக்கப்படுவது. விமானப் பெட்ரோலோ அத்துணை எளிதில் ஆவியாகாதது. மலைமேல் ஓட்டத்தில் எஞ்சினைக் காத்த அதே பெட்ரோல் மறுநாட் காலையில் அதனைக் கிளம்பவொட்டாது தடுக்கும். உயர்ந்த எண் எல்லா வகையிலும் உயர்ந்தது என்று கொள்வது பிழை.

மலைநாட்டுச் செய்தி தனியே கூறத்தக்கது. அமெரிக்காவின் ராக்கி மலை மாகாணங்களில் 85 எண்ணுள்ள பெட்ரோல் சாதாரணமாக விற்கப்படுகிறது. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு எழுபது பங்கே. எஞ்சினுக்குள் புகும் காற்றும் அவ்வளவே. ஆகவே தட்டலும் குறைவு. மட்டமான பெட்ரோலைப் பொறுத்துக்கொள்ளும் சலுகையை மலையே எஞ்சினுக்கு அளித்திருக்கிறது எனலாம். டர்போ கிட்டோ குறைந்த காற்றை மீண்டும் திணித்துக் கடற்கரை அழுத்தத்தையே சிலிண்டருக்குள் உண்டாக்கிவிடுகிறது. சக்தி திரும்ப வருகிறது. சலுகை அன்றே நீங்குகிறது. பங்கின்மேல் எழுதிய 85 மட்டும் மாறவில்லை! ரோட்டாக்ஸ் தொழிற்சாலை தன் 849 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு டர்போ சேர்த்து 2020-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டபோது, கடற்கரையில் இருந்த 165 குதிரைச் சக்தியை 8,000 அடி உயரம் வரை குறையாது காப்பதையே நோக்கமாகக் கொண்டது. அதற்கு மேல் வேட்கை கொள்ளவில்லை. டர்போவை விற்றவர்களும் எஞ்சினைச் செய்தவர்களும் ஒருவரேயாதலின் அவ்வடக்கம் கைவந்தது போலும்.

இரண்டாவது, எத்தனால். பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலப்பது வட அமெரிக்காவில் வழக்கம். நம் நாட்டிலும் 2025-க்குள் இருபது பங்கு பரவலாயிற்று. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துவது. அவ்வகையில் அது நண்பனே. ஆனால் பெட்ரோல் முற்றும் எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். பத்துப் பங்குக் கலவைக்கு ஏறக்குறைய 14.1 மடங்கு. எனவே மாறாத ஜெட் உடைய எஞ்சினுக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நூற்றுக்கு நான்கு பங்கு மெலிந்த உணவு. கடுங்குளிரால் வந்த எட்டும் இந்த நான்கும் ஒரே நாளில் சேர்ந்தால் பன்னிரண்டு. கிட் சேமிப்பைத் தின்றபின் அப்பன்னிரண்டைத் தாங்க என்ன இருக்கிறது?

அன்றியும் எத்தனால் ஈரத்தை விரும்பி ஏற்பது. பகலில் வெயிலும் இரவில் குளிருமாய்த் தொட்டியின் உட்புறம் வியர்க்க, அந்நீரைச் சிறிதளவு தன்னுட் கரைத்துக்கொள்ளும். அவ்வளவு பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்கே. குளிர் மிக மிக இன்னும் குறையும். எல்லை கடந்தால் நீரும் எத்தனாலும் ஒருங்கே பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது ஆக்டேன் எண் இழந்த பெட்ரோல். பம்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்து. கோடை முழுதும் கொட்டகையில் பாதித் தொட்டியோடு கிடந்த வண்டியை முதற் பனியன்று கிளப்புவோர் இதனை எண்ணுதல் நன்று.

விளையாட்டுக்கு ஓட்டுபவர் நல்ல பெட்ரோலைத் தேடிச் செல்லலாம். அலாஸ்காவின் கடலோரச் சிற்றூரினர்க்கு அவ்வசதி இல்லை. சாலைத்தொடர்பற்ற அவ்வூர்களுக்குப் பெட்ரோல் வருவது பனி உருகிய மாதங்களில் படகு வழியாகவே. அதுவே அடுத்த கோடைவரை தொட்டிகளில் இருத்தல் வேண்டும். நாள் செல்லச் செல்ல எளிதில் ஆவியாகும் பகுதி நீங்கி, குளிரில் பற்றுதல் கடினமாகும். நோம் என்னும் ஊருக்கு 2011-ஆம் ஆண்டின் கடைசிக் கப்பல் புயலால் தடைப்பட, 2012 ஜனவரியில் ருஷ்ய எண்ணெய்க்கப்பல் ஒன்று, அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் பனியுடைக்கும் கப்பல் வழிவிட, உறைந்த கடலைக் கடந்து 13 இலட்சம் காலன் எரிபொருளைக் கொண்டுவந்தது. இத்தகைய நாட்டில் வேட்டைக்கும் விறகுக்கும் பனிவண்டியை நம்பியிருப்பவர், உயர்ந்த பெட்ரோலையே உண்ணும் எஞ்சினைத் தேடுவாராயின் தம் தலைவிதியைக் கப்பற்காரனிடம் ஒப்படைப்பவராவார்.

மின்னெசோட்டா மாகாணத்து இன்சூரன்ஸ் வியாபாரியான ரால்ப் பிளெய்ஸ்டட் 1967-இல் ஒருமுறை முயன்று திரும்பி, 1968 ஏப்ரலில் தோழர் மூவரோடு பனிவண்டியில் வடதுருவம் சென்றடைந்தார். அவர்கள் நின்ற இடத்தை அமெரிக்க விமானப்படை விமானம் சரிபார்த்து உறுதி கூறியது. தோழருள் ஒருவர் பொம்பார்டியேயின் உறவினர், இன்னொருவர் மெக்கானிக். அவர்கள் ஓட்டிய வண்டிகளின் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. சக்தி இருபது குதிரைக்கும் குறைவு. இக்கால வண்டிகளில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கடற்பனி மேடுகளில் அவற்றைக் கையால் தள்ளியும் தூக்கியும் சென்றனர். சக்தி போதாமை அவர்களுக்கு உடல் வருத்தத்தைத் தந்தது, அவ்வளவே.

கிட் கூடாதென்பது எம் கருத்தன்று. தம் ஊரில் என்ன பெட்ரோல் கிடைக்கிறது என்று முதலில் அறிக. பிறகு பெட்டியைத் திறக்க. சக்தி கூடினால் கிளட்சின் எடைக்கற்களையும் மாற்றுதல் வேண்டும்; இல்லையேல் எஞ்சின் தனக்குரிய சுழற்சியைக் கடந்து ஓடும். ஜெட்டையும் அன்றன்றைய குளிருக்கு ஏற்ப மாற்றுக. கார்ப்புரேட்டர் வண்டிக்காரர் கையாளும் பழைய சோதனை ஒன்றுண்டு. ஊருக்கு அருகிலேயே, முழுவிசையில் சிறிது தூரம் ஓட்டி, விசையைக் குறைக்காமலே பொறியை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். அதன் பீங்கான் காப்பித்தூள் நிறமாயின் கலவை சரி. கரியாயின் பெட்ரோல் மிகுதி. அதனால் பிளக்குக்கு மட்டும் கேடு. வெளுத்தோ, மேலே அலுமினியத் துகள் மின்னியோ காணின், அன்று மேற்கொண்டு செல்லாது வந்த வழியே மெல்ல வீடு திரும்புவர்.